பெயர் சரியாகத் தெரியாது

போன தேர்தலில் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் பள்ளியில் ஓட்டுப் போடப் போனேன். வாசலில் சிமெண்டில் சரிவுப் பாதை போட்டு, பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலியை நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே முதல் மேசையில் இருந்த இளம் ஆசிரியை என் புகைப்பட அட்டையை வாங்கினாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"நீங்களும் டீச்சரா இருந்தவங்கதானேம்மா? போட்டோ இல்லாத காலத்துல எப்படி ஆளைக் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள்.

பின்னால் க்யூ நின்றது. "கேட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவள் விடவில்லை. என் வீட்டைத் தெரிந்துகொண்டு அடுத்த வாரம் இன்னும் இரண்டு ஆசிரியைகளோடு வந்தாள். "எழுதுங்கம்மா, எங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார்கள். எழுதுகிறேன். இதில் என் திறமை கொஞ்சமாகவும் என் பொறாமை ஜாஸ்தியாகவும் இருக்கும். உபயோகமாக இருக்குமா என்று தெரியவில்லை.

எனக்கு முதல் தேர்தல் வேலை அறுபத்தேழில். பயிற்சி என்று தாலுகா ஆபீஸ் கூடத்தில் அரை நாள் உட்கார வைத்தார்கள். ஒரு வாக்குப் பெட்டியைத் திறந்து மூடிக் காட்டினார்கள். அரக்கை உருக்கி முத்திரை வைப்பது எப்படி என்று ஒருவர் செய்து காட்டி விரலைச் சுட்டுக்கொண்டார். காபி வந்தது. அத்தோடு பயிற்சி முடிந்தது. எழுபத்தொன்றில் நான் முதல் போலிங் ஆபீசர் ஆகிவிட்டேன். வாக்காளர் பட்டியல் அவர் கையில்தான் இருக்கும். வருகிறவர் பட்டியலில் உள்ளவர்தானா என்று பார்க்க வேண்டும். வரிசை எண்ணையும் பெயரையும் கட்சி ஏஜெண்டுகள் காதில் விழும்படி உரக்கப் படிக்க வேண்டும். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் பெயரின் கீழே ஒரு கோடு. பெண்ணாக இருந்தால் கோட்டோடு இடது பக்கம் ஒரு டிக்.

பெண்கள் வரிசையில் ஆளைக் கண்டுபிடிப்பது அப்போது லேசான வேலை இல்லை. பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் புருஷன் பெயர் இருக்கும். புருஷன் பெயரை எந்தப் பெண்ணும் வாயால் சொல்ல மாட்டாள்.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

"மலைப் பேருங்க."

திருவண்ணாமலையில் மலைப் பேர் என்றால் யாரைத் தேடுவது? அண்ணாமலை, அருணாசலம், அருணகிரி, ஏழுமலை. ஒரே தெருவில் நாலு லட்சுமி இருப்பார்கள், நாலு பேருக்கும் மலைப் பேர் புருஷன். போலிங் ஆபீசர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். க்யூ வாசலைத் தாண்டிப் போகும்.

நான் புருஷன் பெயரைக் கேட்பதையே விட்டுவிட்டேன். "பக்கத்து வீட்ல யாரு இருக்காங்க? எதிர்ல?" என்று கேட்பேன். பட்டியலில் மேல் வரியும் கீழ் வரியும் பக்கத்து வீடுகள்தான். வேறு ஒருத்தி பெயரில் ஓட்டுப் போட வந்தவள் அங்கே தடுமாறிவிடுவாள். உண்மையானவள் பக்கத்து வீட்டுக்காரி பெயரைச் சொல்லி, அவளோடு தனக்குள்ள சண்டையையும் சேர்த்துச் சொல்வாள். கோட்டைப் போட்டு டிக்கையும் போட்டு அனுப்பிவிடுவேன்.

எங்கள் பகுதி பூத்துகளை மேற்பார்வை பார்த்தவர் துணைத் தாசில்தார் சுப்பராயன் சார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பூத்துக்குள் வந்தால் உட்கார மாட்டார். காலைப் பொழுதில் வந்தாரானால், காலிப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் மூன்று தட்டு தட்டுவார். பிறகு ஏஜெண்டுகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொல்வார். மை சரியாகப் பிடிக்கிறதா என்று தன் கட்டைவிரலில் வைத்துப் பார்ப்பார். தேர்தல் முடிந்து ஒரு மாதம் வரை அவர் கட்டைவிரல் கறுத்தே இருக்கும். யாராவது "ரூல்ல இருக்குது சார்" என்று சொன்னால் போதும், "எந்தப் பக்கத்துல?" என்று கேட்பார். பக்கத்தைச் சொல்லாதவர்களை அவர் திட்டுவதில்லை. அடுத்த ஆளிடம் திரும்பிக்கொள்வார். திட்டு வாங்கியிருந்தால் பரவாயில்லை என்று இருக்கும்.

அவர் ஒரு முறை எல்லோர் முன்னாலும், "தனம் டீச்சர் டேபிள்ல க்யூ நிக்காது" என்றார். தனலட்சுமி என்கிற என்னை அதற்கு முன் ஆபீசர் யாரும் பெயர் சொல்லிப் புகழ்ந்ததில்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஆறு வருடம் ஓட்டினேன்.

எழுபத்தேழில் பத்மாவதி வந்தாள். என்னைவிட நாலு வயது சின்னவள். தெற்கே கிராமத்தில் நிலபுலன் உள்ள ஜைனக் குடும்பம். அமைதியானவள். என் மேசைக்கு அடுத்த மேசையில் விரலில் மை வைக்கிற வேலை அவளுக்கு. மத்தியானம் எனக்குத் தலைவலி வந்தது. ஒரு மணி நேரம் என் இடத்தில் அவளை உட்காரச் சொன்னேன். திரும்பி வந்து பார்த்தால் க்யூவே இல்லை. அவளும் பக்கத்து வீடு, எதிர் வீடு என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். என் கேள்விகளை, என் வரிசைப்படியே. ஒன்றை மட்டும் மாற்றியிருந்தாள். நான் கேள்வியாகக் கேட்பதை அவள் ஊர்க்கதை பேசுகிற மாதிரி கேட்டாள். பெண்கள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள்.

சுப்பராயன் சார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நல்லா பண்றீங்கம்மா" என்றார்.

"தனம் அக்காகிட்ட கத்துக்கிட்டது சார்."

"கத்துக்கறதுதாம்மா பெருசு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் என் பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால், திருடிவிட்டாள் என்று திட்டிவிட்டு ஆறியிருப்பேன். சொல்லிவிட்டாள். எனக்குத் திட்டவும் வழி இல்லாமல் போயிற்று.

அடுத்து வந்த ஒரு பயிற்சி வகுப்பில் சார் கேட்டார். "இடது கை ஆள்காட்டி விரல் இல்லாதவங்களுக்கு மை எங்க வெப்பீங்க?" எல்லோரும் சொன்னோம், இடது கையில் வேறு விரலில் என்று. "இடது கைல விரலே இல்லன்னா?" வலது கையில் என்று பாதிப் பேர் சொன்னோம். "ரெண்டு கைலயும் விரல் இல்லன்னா?" எனக்கு விடை தெரியும். பக்கம் கேட்பாரே என்று ஒரு நொடி தயங்கினேன். பின் வரிசையிலிருந்து பத்மாவின் குரல் வந்தது. "கை எது வரைக்கும் இருக்குதோ அந்த நுனியில சார்." பக்கத்தையும் சொன்னாள். அன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர், "விடேன், அதுக்கு இன்னா பரிசா குடுத்தாங்க?" என்றார். பரிசு கொடுத்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. சார் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாரே, அதுதான்.

எண்பதில் இரண்டு தேர்தல். மார்கழியில் நாடாளுமன்றத்துக்கு, வைகாசியில் சட்டசபைக்கு. மார்கழித் தேர்தலுக்கு உத்தரவு வந்தது. பிரிசைடிங் ஆபீசர், அதாவது பூத்துக்கே தலைமை, பத்மாவதி. அவளுக்குக் கீழே முதல் போலிங் ஆபீசர் நான். அவள் இடையில் பி.எட். முடித்துப் பட்டதாரி ஆசிரியை ஆகிவிட்டிருந்தாள். சம்பள விகிதத்தைப் பார்த்துத்தான் அந்தப் பொறுப்பைக் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், சுப்பராயன் சார் என்னைத் தள்ளிவிட்டு அவளை எடுத்தார் என்றுதான் என் மனம் சொன்னது.

பத்மா உத்தரவை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, நீங்க கூட இருக்கீங்கன்ற தைரியம்தான் எனக்கு" என்றாள். "அதுக்கென்ன" என்றேன்.

தேர்தலுக்கு முந்தின நாள் சாமான்களை வாங்கிப் பள்ளிக்கூடத்தில் அடுக்கினோம். பத்மா பொழுது இறங்கும் முன் சாப்பிட்டுவிடுவாள், விளக்கு வைத்த பிறகு தொட மாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்தரை மணிக்கு அவள் தூக்குப் பாத்திரத்தை எடுத்தபோது, "ஒரு கவர் கொறையற மாதிரி இருக்குது, இன்னொரு தரம் எண்ணிடலாம்" என்றேன். எண்ணினோம். எதுவும் குறையவில்லை. அதற்குள் இருட்டிவிட்டது. அவள் பாத்திரத்தைத் திறக்காமலேயே பைக்குள் வைத்தாள். இந்த அளவுக்கு இருந்தது என் நிலைமை.

இனி அலமேலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயிலுக்கு வடக்கே அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் பின்கட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் போய்விட்டன. மிதிக்கிற மெஷின் ஆகாது என்பதால் கையால் சுற்றுகிற மெஷினைத் தரையில் வைத்து, வலது கையால் சுற்றிக்கொண்டு இடது கையால் துணியைத் தள்ளுவாள். எட்டு வருடமாக என் ரவிக்கைகளை அவள்தான் தைத்தாள். எல்லோரையும் போல நானும் "மெஷின்காரம்மா" என்றுதான் கூப்பிட்டேன்.

தேர்தலுக்கு முந்தின வருடம் பட்டியல் திருத்த ஆசிரியர்களை வீடு வீடாக அனுப்பினார்கள். அந்தத் தெரு எனக்கு வந்தது. அவளுடைய அண்ணி வாசலில் நின்று, "எங்க வீட்ல மூணு ஓட்டுங்க" என்றாள். பின்கட்டில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"உள்ள ஒருத்தவங்க இருக்காங்களே?"

"அது எங்க நாத்தனாருங்க. அத எழுத வேணாம் டீச்சர். அது எங்க எழுந்து போயி ஓட்டுப் போடப்போவுது?"

நான் பின்கட்டுக்குப் போனேன். "உன் பேரு என்னம்மா?"

"குட்டினு கூப்புடுவாங்க."

"அது இல்ல. நெஜப் பேரு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். அந்தப் பெயரைச் சொல்லி வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். "அலமேலுங்க. எனக்கும் ஓட்டு இருக்குதா டீச்சர்?"

"இருபத்தோரு வயசு ஆயிடுச்சில்ல? அப்ப இருக்குது."

எழுதினதும் தாளைக் காட்டச் சொன்னாள். அண்ணன் புத்தகங்களை வைத்து வீட்டிலேயே எழுத்துக் கற்றவள். விரலை வைத்துப் படித்தாள். "அ, ல, மே, லு. எழுதிப் பாத்தா நல்லாத்தான் இருக்குது" என்றாள். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பெயர் எழுதியிருக்கிறேன். அந்தப் பெயரை எழுதினது எனக்கு மறக்கவே இல்லை. இதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்.

மார்கழித் தேர்தல் நாள். எங்கள் பூத் ஒரு நகராட்சி ஆரம்பப் பள்ளி. தெருவிலிருந்து ஆறு கருங்கல் படி ஏற வேண்டும். காலை பத்து மணி இருக்கும், ஒரு கட்சிக்காரர்கள் அலமேலுவை ரிக்‌ஷாவில் கொண்டு வந்தார்கள். இரண்டு ஆண்கள் அவளைத் தூக்கிப் படி ஏற்றி, வாசல் நிலைக்கு உள்ளே தரையில் வைத்தார்கள். பூத்துக்குள் அவர்கள் நிற்கக் கூடாது என்று போலீஸ்காரர் வெளியே அனுப்பிவிட்டார். அவள் கைகளை ஊன்றி ஊன்றி என் மேசை வரை நகர்ந்து வந்தாள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவள் முகம் தெரியவில்லை. மேசை விளிம்புக்கு மேலே ஒரு கை மட்டும், கட்சிக்காரர்கள் வரிசை எண் எழுதிக் கொடுத்த சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது.

சீட்டை வாங்கி வரிசை எண்ணைப் படித்தேன். "அலமேலு, தகப்பனார் பெயர் கோவிந்தன்" என்று உரக்கப் படித்தேன்.

"ஆட்சேபணை!" என்று இன்னொரு கட்சியின் ஏஜெண்ட் எழுந்தார். வேறு தெருக்காரர். கையில் வைத்திருந்த தன் பட்டியலைத் தட்டிக் காட்டினார். "அந்த வூடே காலிங்க. மொத்தக் குடும்பமும் பெங்களூருக்குப் போயிடுச்சி. இவங்க பேரு குட்டி. யாரோ ஊருக்குப் போன அலமேலு ஓட்டப் போட இட்டாந்து கீறாங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அலமேலுவின் அண்ணன் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் மட்டும் மெஷினோடு பின்கட்டிலேயே தங்கிவிட்டாள். கூட்டி வந்த கட்சியின் ஏஜெண்ட், "இதாங்க அலமேலு!" என்று கத்தினார். அவர் சொல்லை எடுத்துக்கொள்ள முடியாது. அவரும் ஒரு கட்சி.

பத்மா தன் இடத்திலிருந்து எழுந்து வந்தாள். முறைப்படி ஆட்சேபணைக் கட்டணம் இரண்டு ரூபாயை வாங்கி ரசீது கொடுத்தாள். பொய்ப் பெயரில் ஓட்டுப் போட்டால் என்ன தண்டனை என்பதை அலமேலுவிடம் சொன்னாள். தரையில் மண்டியிட்டு, அவள் முகத்துக்கு நேராக இருந்துதான் சொன்னாள்.

"நீங்கதான் இந்த அலமேலுவா?"

"நான்தாங்க."

"அத காட்டற மாதிரி எதனா இருக்குதா? ரேஷன் கார்டு?"

"அண்ணன் எடுத்துட்டுப் போயிட்டாருங்க."

இங்கேதான் பத்மா தவறினாள். ஆட்சேபணை செய்தவர்தான் முதலில் நிரூபிக்க வேண்டும். அவரால் முடியாவிட்டால் அப்போதே ஓட்டுச் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். ஓட்டுப் போட வந்தவளிடம் முதலில் ஆதாரம் கேட்கக் கூடாது. பதற்றத்தில் அவள் வரிசையை மாற்றிவிட்டாள். எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது, பக்க எண் முதற்கொண்டு. "பத்மா, மொதல்ல அவர கேளு" என்று நான்கு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. ஒரு மணிக்கு சுப்பராயன் சார் வருவார், அவள் தவறினதை அவரே பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

"உங்கள தெரிஞ்சவங்க யாராவது இங்க இருக்காங்களா?" என்று பத்மா கேட்டாள்.

அலமேலு கழுத்தை நீட்டி என் பக்கம் பார்த்தாள். "டீச்சருக்குத் தெரியும்" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பத்மாவின் முகத்தில் அப்பாடா என்ற நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததுதான் வினையாகிவிட்டது.

"தைக்கறவங்கனு தெரியும்" என்றேன். "பேரு சரியாத் தெரியாது."

அலமேலு என்னையே பார்த்தாள். நீங்கள்தானே எழுதினீர்கள் என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. "சரிங்க டீச்சர்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பத்மா தெருவிலிருந்து பொதுவான ஆள் யாரையாவது கூட்டிவர ஆள் அனுப்பினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போயிருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் ஊரில் இல்லை. எதிர்வீட்டு அம்மா கடைக்குப் போயிருக்கிறாள், வந்ததும் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. பத்மா அலமேலுவைச் சுவரோரம் உட்காரச் சொன்னாள். தன் போர்வையை மடித்துப் போட்டாள். க்யூ நகர்ந்துகொண்டே இருந்தது. நான் பெயர்களைப் படித்துக்கொண்டே இருந்தேன். வந்த பெண்களுக்கு அவளை மெஷின்காரம்மா என்றுதான் தெரியும், எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

பத்மா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அலமேலு வாங்கி, குடிக்காமல் பக்கத்தில் வைத்தாள். கக்கூஸ் பள்ளிக்குப் பின்னால், இன்னும் நாலு படி இறங்கி இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, என்னை அனுப்பிடுங்க" என்றாள் பத்மாவிடம்.

"இன்னும் கொஞ்ச நேரம்மா, ஆள் வந்துடும்."

"இல்லீங்க. இதுக்கு மேல முடியாது."

பத்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தூக்கி வந்த ஆட்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். "அக்கா, ஒரு கை குடுங்க" என்று என்னைக் கூப்பிட்டாள். இருவரும் கைகளைக் கோத்து அவளைத் தூக்கி, ஆறு படி இறக்கினோம். அவள் ஒரு கையை என் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். குழந்தை கனம்கூட இல்லை. கடைசிப் படியில் என் காதோரம் மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், ஜாக்கெட்டுல பின்கழுத்துப் பட்டி பிரிஞ்சிருக்குது. யாருகிட்டயாவது குடுத்தனுப்புங்க, தெச்சித் தரேன்."

அவளை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு மேசைக்குத் திரும்பினேன். அடுத்து வந்த இரண்டு மூன்று பெயர்களை நான் சரியாகப் படித்தேனா என்று நினைவில்லை.

ஒரு மணிக்கு சார் வந்தார். யாரும் சொல்வதற்கு முன் பத்மாவே நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். "ஆட்சேபணை பண்ணவர் என்ன நிரூபிச்சாரு?"

பத்மா கையிலிருந்த ரசீதுப் புத்தகத்தை மேசையில் வைத்தாள். பிறகு, "அவர நான் கேக்கவே இல்ல சார். தப்பு என்னோடது" என்றாள்.

சார் என் பக்கம் திரும்பினார். "தனம் டீச்சர், உங்களுக்கு இந்த ரூல் தெரியுமே?"

"பிரிசைடிங் ஆபீசர் என்னைக் கேக்கல சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பத்மாவிடம் திரும்பிக்கொண்டார்.

மூன்று மணிக்கு எதிர்வீட்டு அம்மா வந்து, "அய்யோ, அது நம்ம அலமேலுதாங்க" என்று சாட்சி சொன்னாள். பத்மா அலமேலுவுக்கு ஆள் அனுப்பினாள். ஒரு தரம் போய் வந்ததே போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள் அவள். ஓட்டுப் பதிவு முடிந்து பட்டியலை மடிக்கும்போது பார்த்தேன். மேலேயும் கீழேயும் கோடும் டிக்குமாக இருந்தது. என் கையால் சேர்த்த அந்த ஒரு பெயர் வெறுமனே இருந்தது.

பிரிசைடிங் ஆபீசர் அன்றன்று நடந்ததை ஒரு டயரியில் எழுதித் தர வேண்டும். எல்லோரும் "அமைதியாக நடந்தது" என்று ஒரு வரி எழுதுவோம். பத்மா ஒன்றரைப் பக்கம் எழுதினாள். விசாரணையைத் தான் தவறான வரிசையில் நடத்தியதால் ஒரு வாக்காளர் ஓட்டுப் போடாமல் திரும்பிப் போனார், நடக்க முடியாதவருக்கு இந்தக் கட்டடம் ஏற்றதில்லை, அடுத்த முறை தரைமட்டத்தில் உள்ள சமையல் கொட்டகையில் வைக்கலாம் என்று எழுதினாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வைகாசித் தேர்தலுக்கான பயிற்சியில் சார் அந்த ஒன்றரைப் பக்கத்தை, பெயர் சொல்லாமல், எல்லோருக்கும் படித்துக் காட்டினார். "டயரின்னா இப்படி எழுதணும்" என்றார். அவளைத் தவற விட்டுப் பார்க்க வேண்டும் என்றுதானே வாயை மூடிக்கொண்டிருந்தேன்? தவறினாள். தவறியும் பேர் வாங்கிவிட்டாள்.

வைகாசியில் என்னைக் கீழ்பென்னாத்தூர் பக்கம் போட்டார்கள். பத்மாவுக்கு அதே பள்ளி. பூத் சமையல் கொட்டகைக்கு மாறியிருந்தது. அங்கே என் இடத்தில் உட்கார்ந்திருந்த சரோஜா டீச்சர் மறுநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"உங்க மெஷின்காரம்மா வந்தாங்கக்கா. ரிக்‌ஷா வாசல் வரைக்கும் வந்துடுச்சி, யாரும் தூக்கவே வேணாம். நான் பேரப் படிச்சேன். அந்த ஏஜெண்டு வாயத் தொறக்கறதுக்குள்ள பத்மா எழுந்து நின்னுட்டாங்க. 'இவங்கள எனக்குத் தெரியும்'னு சொன்னாங்க. அவ்ளோதான், ஒருத்தரும் பேசல."

பஸ் ஊருக்குள் வரும் வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிசைடிங் ஆபீசர் வேலை, சாரின் தலையாட்டல், டயரி எல்லாம் சேர்ந்து எனக்குக் கொடுத்த எரிச்சலைவிட அந்த ஒரு வாக்கியம் கொடுத்த எரிச்சல் பெரிதாக இருந்தது. அலமேலு முதல் முதலாக ஓட்டுப் போட்டபோது அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

இரண்டு நாள் கழித்து அலமேலு வீட்டுக்குப் போனேன். கையில் துணி எதுவும் எடுத்துப் போகவில்லை. அவள் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தாள். துணியைத் தள்ளுகிற இடது கையில் ஆள்காட்டி விரலில் மை கறுப்பாக இருந்தது.

"வாங்க டீச்சர். ஜாக்கெட்டு அளவா?"

"இல்ல. ஒண்ணு சொல்லணும்" என்றேன். நின்றபடியே சொன்னேன். "மார்கழியில, அன்னைக்கு, உன் பேரு எனக்குத் தெரியும்."

மெஷின் நின்றது.

"நீங்க மறந்துட்டீங்கனு நெனச்சிக்கிட்டு இருந்தேன் டீச்சர்" என்றாள் மெதுவாக. "எத்தினி வூடு ஏறி எறங்கறீங்க, எப்படி ஞாபகம் இருக்கும்னு. மறக்கலயா?"

"மறக்கல."

"அப்புறம் ஏன்?"

"பத்மாவதி டீச்சர் மேல பொறாம."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். "அன்னைக்கு அவங்களுக்கு ஒண்ணும் ஆவலயே" என்றாள். பிறகு கேட்டாள்: "அவங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியாது."

"அவங்க தை மாசமே இங்க வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாங்க டீச்சர். இதோ, நீங்க நிக்கற எடத்துல உக்காந்து அழுதாங்க. மொதல்ல அவங்ககிட்டப் போயி சொல்லுங்க. எனக்கு அப்பறமா சொல்லலாம்."

கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள். நான் கிளம்பினேன். அவள் அதற்குப் பிறகும் எனக்குத் தைத்துக் கொடுத்தாள், ஒரு அளவும் தவறியதில்லை. முன்பெல்லாம் தைத்துக்கொண்டே தெருக்கதை சொல்வாள். என்னிடம் அதை மட்டும் நிறுத்திவிட்டாள். எண்பத்தெட்டில் அண்ணன் வந்து பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போனார். பிறகு நான் பார்க்கவில்லை.

பத்மாவிடம் சொன்னேனா என்றால், இல்லை. எண்பத்து நாலில் எனக்கும் பிரிசைடிங் ஆபீசர் வேலை வந்தது. அப்போதும் சொல்லவில்லை. அவள் தலைமை ஆசிரியை ஆனபோது மாலை போட்டேன், அன்றும் சொல்லவில்லை. பத்து தடவையாவது அவள் வீட்டு வாசல் வரை போய், வேறு எதையோ பேசிவிட்டு வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பொழுது இறங்கும் முன் சாப்பிட்டுப் போங்கக்கா என்று அவளே பரிமாறியிருக்கிறாள்.

இப்போது அவளுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. மகள் வீட்டில் இருக்கிறாள். எது வந்தாலும் மகள் உரக்கப் படித்துக் காட்டுகிறாளாம். இதை எழுதி முடித்ததும் முதலில் அவளுக்குத்தான் தபாலில் அனுப்புகிறேன். கேட்டுவந்த ஆசிரியைகளுக்கு அப்புறம்தான் பிரதி எடுத்துக் கொடுப்பேன்.

கேட்டுவிட்டு அவளுக்கு என் மேல் கோபம் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். வராது. பத்மாவை எனக்குத் தெரியும். "பாவம் அக்கா, இத்தினி வருஷம் மனசுல வெச்சிக்கிட்டு இருந்தாங்களா" என்றுதான் மகளிடம் சொல்லுவாள். அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.